ஆங்கில 'பட்' ஹீப்ருவுக்குப் போகும்போது எங்கே உடைகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

வீட்டு ஓனருக்கு ஒரு கடிதம், கிளினிக் வாசலில் ஒட்ட ஓர் அறிவிப்பு, பிள்ளையின் பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்கு நாலு வரி. ஆங்கிலத்தில் எழுதி ஹீப்ருவுக்கு மாற்றிவிட்டு 'ஒரு தடவை பார்த்துக் கொடுங்க' என்று நண்பர்கள் எனக்கு அனுப்புவார்கள். இஸ்ரேலின் பேயர் ஷேவாவில் இருக்கும் இந்த எட்டு வருடத்தில் இப்படி எத்தனையோ திருத்திவிட்டேன். பெயர்ச்சொல், வினைச்சொல் எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மறுபடி மறுபடி உடைவது பட், தோ, வைல், ஹவெவர், டிஸ்பைட் மாதிரி ஒரு விஷயத்துக்கு எதிராக இன்னொன்றை நிறுத்தும் சொற்கள்தான்.

இதற்கு நான் கண்டுபிடித்த கருவி ஒன்று இருக்கிறது, கீழே எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துகிறேன். ஆங்கிலத்திலிருந்து நேராக ஹீப்ருவுக்குத் தாவாமல், அந்த வாக்கியத்தை ஒரு நொடி வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிற இரண்டு மூன்று வேலைகளைத் தமிழும் ஹீப்ருவும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன, அதனால் உங்கள் காது ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஹீப்ரு சொற்களை ஒலியில் எழுதியிருக்கிறேன். சொல்லின் கடைசியில் 'ஹ்' வந்தால் அது தொண்டையிலிருந்து வரும் ஒலி.

அறிகுறி: படித்தவர் 'அப்புறம்?' என்று வாக்கியத்தின் மீதியைத் தேடுகிறார்

அடிக்கடி வருவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு கிளினிக் கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள். 'ஹமிர்பாஆ ஸ்குரா லோ பெயோம் ரிஷோன், அவல் பெயோம் ஷிஷி.' கிளினிக் மூடியிருப்பது ஞாயிறு அல்ல, வெள்ளி என்று சொல்ல வந்தது. வயதான ஓர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, 'அப்ப வெள்ளிக்கிழமை என்ன, திறந்திருக்கா மூடியிருக்கா?' என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. 'அவல்' என்று கண்டதும் ஹீப்ரு படிப்பவர் ஒரு புதிய செய்தி வரும் என்று காத்திருப்பார், அங்கே செய்தி வரவில்லை.

முதல் காரணம், மிகச் சாதாரணமானது: 'எலா' வர வேண்டிய இடத்தில் 'அவல்' வந்துவிட்டது. முன்னால் சொன்னதை அழித்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைத்தால் 'எலா'. முன்னால் சொன்னது அப்படியே நிற்க, அதோடு இன்னொன்றைச் சேர்த்தால் 'அவல்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பட் தான்.

சோதனை: தமிழில் சொல்லுங்கள். 'அவங்க டாக்டர் இல்ல, நர்ஸ்.' இதில் 'ஆனால்' போட்டால் இடிக்கிறது, போடவே மாட்டோம். அப்படியென்றால் 'ஹீ லோ ரோஃபா, எலா அஹோத்'. அடுத்தது, 'அவங்க டாக்டர் இல்ல, ஆனா மருந்தெல்லாம் தெரியும்.' இங்கே 'ஆனா' இயல்பாக உட்காருகிறது, ஆகவே 'ஹீ லோ ரோஃபா, அவல் ஹீ மெவினா பித்ரூஃபோத்'. தமிழில் 'ஆனால்' உட்காராத இடத்தில் 'அவல்' வைக்காதீர்கள். பத்தில் எட்டு கேஸ் இத்துடன் முடிந்துவிடும்.

இதன் தம்பி ஒன்று உண்டு: நாட் ஒன்லி, பட் ஆல்ஸோ. இதை 'லோ ரக், அவல் கம்' என்று எழுதுவது நம்மவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். 'லோ ரக் ... எலா கம் ...' என்று மாற்றுங்கள், வேறு யோசனை வேண்டாம்.

இரண்டாவது காரணம்: 'எலா' இருக்கிறது, அதற்கு முன்னால் மறுப்பு இல்லை. இந்தப் பொருளில் 'எலா' தனியாக நிற்காது, அதற்கு முன் 'லோ'வோ 'ஏன்' என்ற இன்மைச் சொல்லோ வேண்டும். ஆங்கிலம் சில சமயம் வரிசையை மாற்றி 'வெள்ளி, ஞாயிறு அல்ல' என்று எழுதும். அப்போது 'எலா'வும் வேண்டாம் 'அவல்'லும் வேண்டாம், 'பெயோம் ஷிஷி வெலோ பெயோம் ரிஷோன்' என்று 'வெலோ' போட்டால் போதும்.

மூன்றாவது, கொஞ்சம் செலவு பிடிப்பது: ஆங்கில மூலமே இரண்டு பொருள் தருகிறது. தமிழில் இரண்டு விதமாகவும் சொல்ல முடிகிறது என்றால் ஊகித்து எழுதாதீர்கள், எழுதியவரைக் கேளுங்கள். ஒரு ஃபோன் கால்தான்.

அறிகுறி: ஒரே வாக்கியத்தில் இரண்டு 'ஆனால்' முட்டிக்கொள்கின்றன

'லம்ரோத் ஷெ-' என்று தொடங்கி, நடுவில் 'அவல்' என்று வந்திருக்கும். தமிழில் 'மழை பெய்தும் ஆனால் வந்தார்' என்பது மாதிரி. எளிய திருத்தம், இரண்டில் ஒன்றை எடுத்துவிடுவது.

ஆனால் எடுக்கும் முன் ஒன்று பாருங்கள். சில வாக்கியங்களுக்கு இரண்டு கால் உண்மையிலேயே தேவை. 'விலை கூடுதல்தான், ஆனால் நல்லா உழைக்கும்' என்று சொல்கிறோமே, அந்தத் 'தான்' எதிராளி சொல்வதை ஒப்புக்கொள்கிறது, 'ஆனால்' நம் பக்கத்தைச் சொல்கிறது. ஹீப்ருவில் இதற்கென்றே ஒரு ஜோடி இருக்கிறது: 'ஒம்னம் ... அவல் ...'. பேச்சில் 'அம்னம்' என்றும் கேட்பீர்கள். 'ஸெ ஒம்னம் யகர், அவல் ஸெ மஹ்ஸிக் ஹர்பே ஷனீம்.' ஆங்கிலத்தில் இங்கே ஆல்தோ இருந்திருக்கும், அதைக் கண்டவுடன் கை தானாக 'லம்ரோத்'துக்குப் போகும். தமிழில் 'தான் ... ஆனால்' என்று வருகிறதா என்று கேட்டுப் பார்த்தால் 'ஒம்னம்' நினைவுக்கு வரும். கடையில், பேரத்தில், மேனேஜரிடம் லீவு கேட்கும்போது இந்த ஜோடி அவ்வளவு உதவும், ஏனென்றால் எதிரில் இருப்பவர் சொன்னதை நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள் என்று அதுவே சொல்லிவிடுகிறது.

அறிகுறி: 'நடந்ததா, நடந்தால் என்கிறீர்களா?' என்று கேட்கிறார்கள்

இது பணம் போகிற இடம், கவனம்.

நண்பர் ஒருவர் வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டார், சாவி வரவில்லை. ஓனருக்கு எழுதினார்: 'கம் இம் ஷிலம்தி ...'. பணம் கட்டியும் சாவி தரவில்லையே என்று கேட்க நினைத்தார். ஓனர் படித்தது வேறு: 'நான் கட்டியிருந்தாலுமே ...'. கட்டியதாக ஒப்புக்கொள்ளவே இல்லையே என்று அவர் திருப்பிக் கேட்டார். ரசீது இருந்ததால் தப்பித்தோம், இல்லாவிட்டால் ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் அலைந்திருப்போம்.

ஈவன் தோ, ஈவன் இஃப் இரண்டும் கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் வரும் சிக்கல் இது. நடந்துவிட்ட விஷயம் என்றால் 'லம்ரோத் ஷெ-' அல்லது கொஞ்சம் எழுத்து நடையில் 'அஃப் அல் பீ ஷெ-'. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றால் 'கம் இம்' அல்லது 'அஃபிலு இம்'.

சோதனை: தமிழில் '-ஆலும்' என்று மட்டும் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் 'பெய்தாலும்' என்பதை நாம் இரண்டுக்கும் சொல்கிறோம். 'பெய்தும்', 'கட்டியும்' என்று மாற்றிப் பாருங்கள். மாற்ற முடிந்தால் அது நடந்துவிட்ட விஷயம், 'லம்ரோத் ஷெஷிலம்தி' என்று எழுதுங்கள். 'நாளைக்கு மழை பெய்தும் வருவேன்' என்று யாரும் சொல்ல மாட்டோம், அங்கே 'கம் இம்' தான்.

சொல் சரியாக இருந்தும் வாக்கியம் நொண்டினால் அடுத்ததைப் பாருங்கள். 'லம்ரோத்' பக்கத்தில் பெயர்ச்சொல் வந்தால் அப்படியே நிற்கும்: 'லம்ரோத் ஹகேஷெம்', மழையையும் மீறி. வினையோடு முழு வாக்கியம் வந்தால் நடுவில் 'ஷெ' வேண்டும்: 'லம்ரோத் ஷெயரத் கேஷெம்'. அந்த 'ஷெ' இல்லாமல் 'லம்ரோத் யரத் கேஷெம்' என்று எழுதுவது தமிழில் 'மழை பெய்தது மீறி' என்பது போல் உடைந்து கிடக்கும். பழைய பள்ளியைச் சேர்ந்த சில எடிட்டர்கள் 'லம்ரோத் ஷெ-' என்பதையே விரும்ப மாட்டார்கள், வாக்கியம் வந்தால் 'அஃப் அல் பீ ஷெ-' தான் வேண்டும் என்பார்கள். அவர்களுக்குக் கொடுக்கும்போது மாற்றிக் கொடுங்கள், மற்றபடி கவலை வேண்டாம், ஊரெல்லாம் 'லம்ரோத் ஷெ-' தான் பேசுகிறது.

டிஸ்பைட் என்பதற்குப் பின்னால் ஓர் ஆள் வந்தால், அதாவது ஒருவர் வேண்டாம் என்று சொல்லியும் அவர் விருப்பத்துக்கு எதிராக நடந்தது என்றால், 'லம்ரோத்' போடாதீர்கள். 'அல் அப்போ வெஅல் ஹமதோ' என்பார்கள். அவன் மூக்கின் மேலும் அவன் கோபத்தின் மேலும் என்று சொல்லுக்குச் சொல் வரும். பெண் என்றால் 'அல் அப்பா வெஅல் ஹமதா'.

அறிகுறி: 'எப்போது?' என்று கேட்கிறார்கள்

வைல் தான் காரணம், பெரும்பாலும் வேறில்லை. 'அண்ணன் ஹைஃபாவில் இருக்கிறான், நானோ பேயர் ஷேவாவில் இருக்கிறேன்' என்பதை வைலோடு ஆங்கிலத்தில் எழுதி, 'பிஸ்மன் ஷெ-' என்று மாற்றியிருப்பார்கள். அது 'அந்த நேரத்தில்' என்று பொருள் தரும். அண்ணன் ஹைஃபாவில் இருந்த சமயத்தில் நீ பேயர் ஷேவாவில் இருந்தாய், சரி, இப்போது எங்கே என்று கேட்கத்தான் செய்வார்கள்.

சோதனை: தமிழில் 'போது' வருகிறதா, 'நானோ', 'அவளோ' என்று 'ஓ' வருகிறதா? 'போது' என்றால் 'பிஸ்மன் ஷெ-', 'க்ஷெ-'. 'ஓ' என்றால் 'வெஇலூ'. 'அஹி கர் பெஹைஃபா, வெஇலூ அனி கர் பிவெஏர் ஷெவா.' இந்த 'ஓ'வும் 'வெஇலூ'வும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, உல்பான் என்கிற ஹீப்ரு வகுப்பில் எத்தனை நாள் விளக்கியும் ஏறாதது அன்றைக்கு ஏறிவிட்டது. 'பெஓத் ஷெ-' என்றும் எழுதலாம், ஆனால் அது காலம் சொல்லும் 'பெஓத்'தோடு குழம்பக்கூடும், சந்தேகம் இருந்தால் 'வெஇலூ' போடுங்கள்.

பேச்சு நடையில் இதுகூட வேண்டாம், வெறும் 'வெ', அதாவது 'உம்', போதும். ஹீப்ருவில் அந்த ஒற்றை எழுத்தே எதிர்நிலையையும் சுமக்கும். உன்னதப்பாட்டு 1:5இல் 'ஷெஹோரா அனி வெநாவா' என்று வருகிறது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த 'வெ'யை பட் என்று எடுத்தது, 1989இல் வந்த ஒரு மொழிபெயர்ப்பு ஆண்ட் என்று எடுத்தது, நம் தமிழ் வேதாகமம் 'கறுப்பாயிருந்தாலும்' என்றது. மூலத்தில் இருப்பது 'வெ' மட்டும்தான். கறுப்பு அழகுக்குக் குறையா இல்லையா என்பதை அந்த ஒரு இணைப்புச் சொல்லை வைத்து மொழிபெயர்ப்பவர்தான் தீர்மானித்திருக்கிறார், இது சின்ன விஷயம் இல்லை.

அறிகுறி: பிழை ஏதும் இல்லை, ஆனால் கோர்ட் தீர்ப்பு மாதிரி இருக்கிறது

ஹவெவர் வந்த இடமெல்லாம் 'உலம்' போட்டிருப்பார்கள். 'உலம்', 'அஹ்' இரண்டும் எழுத்து நடைச் சொற்கள். ஆய்வுக் கட்டுரைக்கும் செய்திக்கும் சரி, பிளம்பருக்கு அனுப்பும் மெசேஜுக்குப் பொருந்தாது. அங்கே 'அவல்' போடுங்கள், அதில் எந்தத் தாழ்வும் இல்லை. கூடவே, 'உலம்' என்று எழுதும் அதே எழுத்துகள் மண்டபம் என்ற பொருளும் தரும், அவசரத்தில் படிப்பவர் ஒரு கணம் தடுக்குவார்.

அடுத்து இடம் பாருங்கள். ஆங்கிலம் ஹவெவரை இரண்டு காற்புள்ளிக்கு நடுவே செருகும். 'உலம்' அப்படி நடுவில் உட்காராது, வாக்கியத்தின் தலையில்தான் நிற்கும். 'இம் ஸோத்' என்பதை வேண்டுமானால் நடுவில் வைக்கலாம். 'இருந்தாலும் பரவாயில்லை, செய்தே தீருவேன்' என்கிற அழுத்தம் வேண்டுமென்றால் இரண்டும் இல்லை, 'பெஹோல் ஸோத்'.

ஆன் தி ஒன் ஹேண்ட் என்பதற்கு அகராதியில் 'மேஹத் கீஸா ... மேஇதஹ் கீஸா' என்று முதலில் கண்ணில் படலாம். அது தல்மூத் என்ற பழைய யூத நூலின் அரமேய மொழியிலிருந்து வந்த நடை. அன்றாடத்துக்கு 'மிட்ஸத் எஹாத் ... மிட்ஸத் ஷேனி'. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் 'கீஸா' வேண்டாம்.

அறிகுறி: சொன்னது சரிதான், கேட்டவர் முகம் மாறிவிட்டது

அன்லைக் என்பதற்கு 'லெஹவ்தில்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 'லெஹவ்தில் மி-' என்று 'மி'யோடு வந்தால் 'இதிலிருந்து வேறாக' என்ற சாதாரணப் பொருள். 'லெஹவ்தில்' தனியாக இரண்டு பெயருக்கு நடுவில் வந்தால் கதையே வேறு. புனிதமானதையும் புழங்குவதையும், இறந்தவரையும் இருப்பவரையும் ஒரே மூச்சில் சொல்ல நேர்ந்தால், 'இரண்டையும் ஒன்றாக வைக்கவில்லை' என்று காட்டச் சொல்வது அது. பணி ஓய்வு வாழ்த்து ஒன்றில் பழைய மேற்பார்வையாளர் பெயரையும் புதியவர் பெயரையும் இப்படி இணைத்து எழுதியிருந்தார் ஒருவர். இருவருமே நல்லவர்கள், வாழ்த்தும் மனதார எழுதியது. படித்துக் காட்டியபோது அறையில் பேச்சே நின்றுபோனது.

ஆட்களை ஒப்பிடும்போது 'ஷெலோ கெமோ', அவரைப் போல் அல்லாமல், என்பது பாதுகாப்பு. 'பெநிகுத் லெ-' நேருக்கு நேர் முரண் என்றால் மட்டும். எண்களையும் வருடங்களையும் ஒப்பிட 'லெஉமத்', அதையே அடுத்த வாக்கியத்தில் தொடர 'லெஉமத் ஸோத்'.

அறிகுறி: எல்லாம் சரி, உயிர் இல்லை

ஹீப்ரு தாய்மொழிக்காரர் படித்துவிட்டு ஒரே ஒரு சொல்லை நடுவில் எழுதிக் கொடுப்பார்: 'தவ்கா'. ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல் கிடையாது, அதனால் ஆங்கிலம் வழியாகப் போனால் இது வரவே வராது. நமக்கு இருக்கிறது. 'இன்னைக்குன்னு பார்த்து பஸ் வரல' என்கிறோமே, அந்த 'ன்னு பார்த்து' தான் இது: 'தவ்கா ஹயோம் ஹாஓட்டோபூஸ் லோ பா'. எதிர்பார்த்ததற்கு மாறாக, 'எனக்கென்னவோ பிடித்துத்தான் இருந்தது' என்று சொல்லும்போதும் 'தவ்கா' தான். 'லோ தவ்கா' என்றால் 'அப்படியொன்றும் கட்டாயமில்லை'.

ஒரு எச்சரிக்கை. ஒருவர் 'தவ்கா' செய்கிறார் என்றால் வேண்டுமென்றே, வீம்புக்குச் செய்கிறார் என்று பொருள். புகார்க் கடிதத்தில் இந்தச் சொல் எங்கே விழுகிறது என்று பார்த்து வையுங்கள்.

அறிகுறி: தாளில் சரி, திரையில் சிதறிவிட்டது

'ஷெ', 'வெ' இரண்டும் அடுத்த சொல்லோடு ஒட்டி எழுத வேண்டியவை. ஆப்பில் 'லம்ரோத் ஷெ' வரை ஒரு துண்டு, பயனரின் பெயர் இன்னொரு துண்டு என்று பிரித்து வைத்தால் நடுவில் இடைவெளி விழும். முதலில் இடைவெளியை எடுங்கள். பெயர் ஆங்கில எழுத்தில் வந்தால் நடுவில் சிறுகோடு போடுங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் 'ஷெ' தேவைப்படாதபடி வாக்கியத்தையே இரண்டாக உடைத்து, இரண்டாவதை 'அவல்' என்று தொடங்குங்கள், நிரல் எழுதுபவரிடம் போராடுவதைவிட இது சுலபம்.

எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும்

மேலே சொன்ன சோதனை எல்லாம் முடித்தும் இரண்டு சொல்லுக்கு நடுவே ஊசலாடினால், காசு செலவழிக்கும் முன் ஜெருசலேமில் இருக்கும் ஹீப்ரு மொழி அகாதமிக்கு எழுதுங்கள். 1953இல் தொடங்கியது, பொதுமக்களின் மொழிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்கள். இலக்கணமும் வழக்கும் பற்றிய கேள்வி என்றால் அங்கே தெளிவு கிடைக்கும். உங்கள் கடிதத்தை அவர்கள் திருத்தித் தர மாட்டார்கள், கேள்வியை ஒரு வாக்கியத்துக்குச் சுருக்கிக் கேட்க வேண்டும்.

அச்சுக்குப் போகும் எதுவும், நூறு பேருக்கு மேல் படிக்கும் எதுவும் ஓர் 'ஓரெஹ் லஷோன்', அதாவது மொழி எடிட்டர், கையில் போய் வரட்டும்.

கல்லறைக் கல், திருமண அழைப்பு, பாட்டு என்று பைபிள் நடை கேட்டால் நீங்களாக எழுதவே வேண்டாம். அந்த நடையில் சொற்களின் பொருளே நகர்ந்திருக்கிறது. ஆதியாகமம் 42:21இல் யோசேப்பின் அண்ணன்மார் சொல்லும் 'அவல் அஷேமீம் அனஹ்னு' என்பதில் 'அவல்' என்றால் 'மெய்யாகவே', ஆனால் என்ற பொருள் அங்கே இல்லை. 'எலா'வும் அந்த நடைக்கு உரியதல்ல, அது பைபிளுக்குப் பிந்தைய, மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பின் ஹீப்ருவில் வரும் சொல். யாக்கோபுக்கு இஸ்ரவேல் என்று பெயர் மாறும் 32ஆம் அதிகாரத்தில் அதன் இடத்தில் 'கீ இம்' நிற்கிறது. கல்லில் வெட்டிய பிறகு திருத்த முடியாது.

ஒப்பந்தம், வாடகைப் பத்திரம், கோர்ட்டுக்குப் போகும் தாள் என்றால் வக்கீல். நாட்வித்ஸ்டாண்டிங் என்பதற்குச் சட்ட ஹீப்ருவில் 'அல் அஃப் ஹாஅமூர்' என்ற நிலைத்த தொடர் இருக்கிறது, அன்லெஸ் என்பதற்கு 'எலா இம் கேன்'. எந்தப் பிரிவு எந்தப் பிரிவை வெல்லும் என்பதை இந்தத் தொடர்கள்தான் முடிவு செய்கின்றன, 'லம்ரோத்' போட்டு ஒப்பேற்றக் கூடாது. சான்றிட்ட மொழிபெயர்ப்பு கேட்டால் நோட்டரி வேண்டும். 1976ஆம் ஆண்டு நோட்டரிச் சட்டப்படி, இரண்டு மொழியும் தெரிந்த நோட்டரி மொழிபெயர்ப்பு சரி என்று சான்று தரலாம், கட்டணம் சொல் எண்ணிக்கையை வைத்து விதிமுறையில் நிர்ணயித்தது. அவரிடம் போகும்போது ஆங்கில மூலத்தில் பட், தோ, அன்லெஸ் வந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொண்டுபோங்கள், ஒவ்வொரு வட்டத்துக்கும் ஹீப்ருவில் என்ன வந்திருக்கிறது என்று அவரிடமே கேட்டுவிட்டு அப்புறம் சான்று வாங்குங்கள்.